இனிப்பு மாஸ்டராகி வெளிநாட்டு அடுப்படிக்குப் போவது எப்படி?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பத்தாவது முடித்த கையோடு டவுனில் ஒரு ஸ்வீட் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். நாலு வருஷம் கழித்துத்தான் சட்டிக்கு முன்னால் நிற்க விட்டார்கள். அப்புறம் துபாய், அப்புறம் கோலாலம்பூர் என்று பதினாறு வருஷம் ஓடிவிட்டது. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு தம்பி வாசலில் வந்து நிற்பான். "அண்ணே, நானும் மாஸ்டரா வெளிநாடு போகணும். என்ன செய்யணும்?" திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் பதம் இருப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்தப் பதத்தைக் கிராமிலும் டிகிரியிலும் எழுதிக் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. வெளிநாட்டு அடுப்படியில் மதிப்பும் சம்பளமும் கூடுவது இவர்களுக்குத்தான்.

எந்தக் கடையில் தொழில் பழகுவது

பெரிய கடைகளின் மத்திய சமையல்கூடத்தில் சேர்ந்தால் சம்பளம் கொஞ்சம் கூட வரும். ஆனால் அங்கே ஒருவர் பூந்தி மட்டும், இன்னொருவர் மிக்சர் மட்டும் என்று வருஷக்கணக்கில் ஒரே மெஷினோடு நின்றுவிட நேரும். முதல் மூன்று வருஷத்துக்கு நான் நடுத்தரக் கடையைத்தான் சொல்வேன். இனிப்பு, காரம் என்று எல்லாச் சரக்கையும் போடுகிற ஒரே மாஸ்டர், மூன்று நான்கு உதவியாள், காலையில் லட்டு, மதியம் அல்வா, சாயங்காலம் காராசேவு. எல்லாம் கண்ணில் படும், கையிலும் படும்.

ஆடி மாதம் சேருங்கள். ஆவணி பிறந்தால் தீபாவளி வேலை மெல்ல ஆரம்பித்துவிடும், ஐப்பசியில் மூட்டை தூக்கத்தான் ஆள் தேடுவார்கள், சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. சேரும்போதே சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். பி.எஃப். பிடிக்கிற கடையாக இருந்தால் ரொம்ப நல்லது. பின்னால் "ஆறு வருஷ அனுபவம்" என்று நீங்கள் சொல்லும்போது அதற்குச் சாட்சி அந்தக் கணக்குதான்.

முடிந்தால் ஊர் ஊராகவும் கொஞ்சம் பழகுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வெளிநாட்டுக் கடைக்காரர்களே இப்போது விசாரிக்கிறார்கள். பால்கோவா போடுகிற இடத்தில் இரண்டு மாதம் நின்றால் தீயை எங்கே கூட்டுவது, எங்கே இழுப்பது என்பது பிடிபடும். கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு பிடிபடும். திருநெல்வேலி கோதுமை அல்வா, முதலூரில் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுகிற மஸ்கோத் அல்வா, தூத்துக்குடி மக்ரூன் என்று தெற்கிலேயே பழகுவதற்கு எவ்வளவோ இருக்கிறது.

பாகு

இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் பாகுதான். பாகு தெரியாதவரை மாஸ்டர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். கொதி வந்ததும் இரண்டு கரண்டி பால் விட்டால் அழுக்கு நுரையோடு மேலே திரளும், அதை வழித்து எடுத்துவிட வேண்டும். பாகு மறுபடி சர்க்கரையாகிப் பூத்துப்போகாமல் இருக்கக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சட்டியின் ஓரத்தில் தெறித்துக் காய்ந்த சர்க்கரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். அந்தத் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்தாலே மொத்தப் பாகும் மணல் மாதிரி ஆகிவிடும்.

இப்போது பதம் பார்ப்பது. சட்டுவத்தைப் பாகில் முக்கி எடுத்து, நுனியில் நிற்கிற துளி கொஞ்சம் ஆறியதும் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டுப் பிரித்துப் பாருங்கள். ஒட்டுகிறது, கம்பி வரவில்லை என்றால் பிசுக்குப் பதம். ஜாங்கிரி ஊற இது போதும். ஒரே ஒரு கம்பி இழுபட்டு, அறாமல் ஒரு நொடி நின்றால் ஒற்றைக் கம்பிப் பதம். லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் இதுதான். அதிரசத்துக்கான வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் உருட்ட வர வேண்டும். கடலைமிட்டாய்க்கு அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும், வளைத்தால் ஒடிய வேண்டும்.

இது விரல் கணக்கு. இதே பாகில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால் ஒற்றைக் கம்பி 105 டிகிரி செல்சியஸ் பக்கம் நிற்கும். உருட்டுப் பதம் 112-லிருந்து 116-க்குள். கடலைமிட்டாய் 140-ஐத் தாண்டும். பாகில் தண்ணீர் குறையக் குறையக் கொதிக்கும் சூடு ஏறிக்கொண்டே போகிறது, அதனால்தான் சூட்டை வைத்தே பதம் சொல்ல முடிகிறது. வெப்பமானி வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் விட்டுச் சோதியுங்கள், கடலோர ஊரில் 100 காட்ட வேண்டும். ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் தண்ணீரே 93 டிகிரிப் பக்கம் கொதித்துவிடும். அங்கே பாகுக் கணக்கிலும் அதே அளவு கழித்துக்கொள்ள வேண்டும்.

விரலை விட்டுவிட்டு வெப்பமானியை மட்டும் நம்பச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும். என் மாஸ்டர் கடைசிவரை வெப்பமானியைத் தொட்டதில்லை, அவர் பாகு ஒருநாளும் தவறியதும் இல்லை. ஆனால் அவரிடம் கற்ற பதத்தைக் கோலாலம்பூரில் ஒரு நேபாளத் தம்பிக்கு நான் சொல்லித்தர வேண்டி வந்தபோது, எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி அந்த 105 ஒன்றுதான்.

மைசூர்பாகில் பழகுங்கள். ஒற்றைக் கம்பியில் சலித்த கடலைமாவைத் தூவிக் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். பக்கத்து அடுப்பில் நெய் புகையாமல் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். அதைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது 'சொய்ங்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நெய் ஆறிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் மாவுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே ஓடுகிற வழிதான் மைசூர்பாகில் நாம் பார்க்கிற தேன்கூடு மாதிரியான ஓட்டைகள். மாவு பொங்கி, சட்டியை விட்டு நகர்ந்து, வாசனை மாறுகிற அந்த நேரத்தில் தட்டில் கொட்டிவிட வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தால் பொடிப்பொடியாக உதிரும். முன்னதாகக் கொட்டினால் பிசினாக ஒட்டும். கொட்டிய பிறகும் நடுவில் சூடு அடங்காமல் வெந்துகொண்டேதான் இருக்கும். வெட்டிப் பார்த்தால் ஓரம் மஞ்சளாகவும் நடு பழுப்பாகவும் இருப்பது அதனால்தான். இதை ஐம்பது தடவை போட்டவர் எந்த ஊர் அடுப்பிலும் பிழைத்துக்கொள்வார்.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். போடுகிற ஒவ்வொரு சரக்குக்கும் மாவு, சர்க்கரை, நெய், தண்ணீர் எல்லாவற்றையும் கிராமில் எழுதுங்கள். 'ஒரு படி', 'ஒரு கை', 'கண்ணளவு' எதுவும் வேண்டாம். பாகின் சூடு, எண்ணெயின் சூடு, கிண்டிய நிமிஷம், கடைசியில் கிடைத்த சரக்கின் எடை. தப்பிப்போன சரக்கையும் எழுதுங்கள், ஏன் தப்பியது என்று பக்கத்திலேயே ஒரு வரி. கிடைத்த எடையைப் பலர் எழுதுவதில்லை. முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்: பத்து கிலோ சரக்குக்கு என்ன செலவு?

எந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் 1-லிருந்து இந்தியாவில் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் எதுவரை சாப்பிடலாம் என்ற தேதியைக் கடையில் எழுதிவைக்க வேண்டும். ரசமலாய்க்கும் சோன்பப்டிக்கும் ஒரே தேதி எழுத முடியாது. இதைச் சொல்லத் தெரிந்த மாஸ்டரை எங்கேயும் விரும்பி எடுப்பார்கள்.

வெளிநாட்டில் இந்திய ஸ்வீட் கடை என்றால் குஜராத்தி, பஞ்சாபி, வங்காளி எல்லோரும் வாடிக்கையாளர்கள். நம் சரக்கோடு காஜு கத்லி, குலாப் ஜாமூன், ஜிலேபி, ரசகுல்லா, ரசமலாய் ஐந்தும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கூடவே முறுக்கு, மிக்சர், காராசேவு. முந்திரியை மிக்சியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். பால் திரித்த பனீரை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்து மாவு மாதிரி ஆக்கினால்தான் ரசகுல்லா உடையாது. ஹல்வாயி என்கிற வடநாட்டு இனிப்பு மாஸ்டர்கள் நம் ஊர்க் கடைகளிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். கூடமாட நின்றால் சொல்லித்தருவார்கள். இந்தியும் அப்படியே கொஞ்சம் வந்துவிடும், வளைகுடாவில் அது ரொம்பவே கைகொடுக்கும்.

காகிதங்கள்

பத்தாம் வகுப்பை எப்படியாவது முடித்துவிடுங்கள். விட்டுப்போயிருந்தால் தனித்தேர்வராக எழுதலாம். பத்து பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற குறிப்பு வரும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அது நம் பாதுகாப்புக்கு இருக்கிற ஏற்பாடுதான், பயப்பட ஒன்றுமில்லை. 10 லட்ச ரூபாய் காப்பீடு தருகிற பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் ஈசிஆர் ஆட்களுக்குக் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய்.

வேலை பார்த்த ஒவ்வொரு கடையிலிருந்தும் கிளம்பும்போதே லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று வாங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் கடையே இருக்காது. படிப்பில்லாமல் கைத்தொழிலாகக் கற்றவர்களுக்கு 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற ஒரு ஏற்பாடு இருக்கிறது. தெரிந்த தொழிலைச் செய்துகாட்டி அரசின் திறன் சான்றிதழ் வாங்கலாம். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்துகிற ஃபோஸ்டாக் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். வசதி இருந்தால் தஞ்சாவூரில் இருக்கிற நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

வளைகுடா என்றால் வாஃபித் என்ற இணையதளத்தில் பதிந்து மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே அன்ஃபிட் ஆகிவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் உள்ளூரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏஜென்ட்

என் முதல் பயணமே ஏமாற்றத்தில் முடிய இருந்தது. ஒருவர் விசிட் விசாவில் அனுப்பிவிட்டு 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணமும் கொடுத்தாயிற்று. கடைசி வாரத்தில் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் விழித்தேன். பணம் பாதிதான் திரும்பியது. அதனால் இதை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். அது அங்கே சட்டவிரோதம். பிடிபட்டால் கேட்க ஆளிருக்காது.

ஏஜென்டுக்கு மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்று இ-மைகிரேட் இணையதளத்தில் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். அதையும் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதில் பதிவு செய்துவைத்துவிட்டு மற்ற இடங்களிலும் தேடலாம்.

ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். அமீரகத்தில் ஒரு வருஷம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருஷங்களில் வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். அடிப்படை குறைவாக எழுதப்பட்டிருந்தால் அந்தத் தொகையும் சுருங்கிவிடும். தங்குமிடம், சாப்பாடு, ஓவர்டைம், லீவுக்கு டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அமீரகத்தின் வேலை வாய்ப்புக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம், அரசே அனுமதித்திருக்கிற மொழிகளில் தமிழும் ஒன்று. படித்துப் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சமைத்துக் காட்டும் நாள்

தேர்வு பெரும்பாலும் ஏதாவது ஒரு ஓட்டலின் அடுப்படியில் நடக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு லட்டு, ஒரு மைசூர்பாகு, ஒரு வடநாட்டு இனிப்பு, ஒரு காரம் என்று கேட்பார்கள். உங்கள் பூந்திக் கரண்டியையும் சட்டுவத்தையும் வெப்பமானியையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே இருக்கிற பூந்திக் கரண்டியின் கண் எந்த அளவில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! போனதும் தராசு கேளுங்கள். எடை போட்டு வேலையை ஆரம்பிக்கிறவரை அவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், கையில் கயிறு இருக்கக் கூடாது. அடுப்பைத் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

பெட்டி கட்டும்போது

வீட்டில் ஆசையாகக் கட்டித்தருகிற மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தெரியாமல் கொண்டுபோய் விமான நிலையத்திலேயே மாட்டியவர்கள் உண்டு. குருமாவுக்கென்று அரைத்துக் கொடுத்த பொடியிலும் இருக்கலாம், வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், ஒப்பந்தம், சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவைத்துவிட்டு ஏறுங்கள்.

அங்கே முதல் மாதம்

நான் போன முதல் வாரம் லட்டு பிடிக்கச் சொன்னார்கள். பத்து வருஷமாகப் பிடித்த லட்டு. உருண்டையே வரவில்லை, உதிர்ந்து உதிர்ந்து விழுகிறது. ஏசி ஓடுகிற அறையில் பூந்தி நொடியில் ஆறி, நெய் உறைந்துவிட்டது. நம் ஊர் அடுப்படியின் வெக்கையும் சேர்ந்துதான் இத்தனை வருஷம் லட்டு பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அப்புறம் சின்னச் சின்னப் பங்காகப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை வைத்துச் சூடு ஆறாமல் பிடித்தேன்.

இப்படி ஒவ்வொன்றும் மாறும். அதிரசத்துக்கு அங்கே பாக்கெட் அரிசிமாவுதான் கிடைக்கும், அது காய்ந்த மாவு, பாகை இழுத்துக் கல்லாகிவிடும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே நாமே அரைத்துக்கொள்ள வேண்டும். பால் பெரும்பாலும் 3.5 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால். எருமைப்பாலில் பழகியவர்களுக்குக் கோவா குறைவாகவே தேறும். அதற்கேற்பப் பால்பவுடரோ கிரீமோ சேர்த்துக் கணக்கை மாற்ற வேண்டியிருக்கும். முதல் மாதம் எந்தச் சரக்கையும் ஒரு கிலோவுக்கு மேல் போட்டுச் சோதிக்காதீர்கள். நோட்டில் ஊர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே அந்த ஊர்க் கணக்கையும் எழுதுங்கள்.

சுகாதார விதிகளில் விளையாட்டு வேண்டாம். துபாயில் உணவைக் கையாளுகிறவர்களுக்கு ஹெல்த் கார்டு வேண்டும். மலேசியாவில் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் கட்டாயம், சிங்கப்பூரிலும் உணவுப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். விரலில் வெட்டுப்பட்டால் நீலநிற பிளாஸ்டர் தருவார்கள். நீலம் எதற்கென்றால், சரக்கில் விழுந்தால் உடனே கண்ணில் படும்.

கலரைப் பொறுத்தவரை, இந்தியாவில் அனுமதித்த செயற்கை நிறமே ஒரு கிலோ சரக்குக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உணவில் சேர்க்கவே கூடாத ரோடமின்-பி என்ற சாயம் கலந்ததால்தான் 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் நாம் லட்டுக்கும் ஜாங்கிரிக்கும் போடுகிற டார்ட்ரசின், சன்செட் எல்லோ நிறங்களுக்குக் குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும். குங்குமப்பூவிலும் மஞ்சளிலும் நிறம் எடுக்கப் பழகிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அலர்ஜி. நம் ஊரில் முந்திரிக்குப் பதில் கொஞ்சம் நிலக்கடலையை அரைத்துச் சேர்க்கிற பழக்கம் சில கடைகளில் உண்டு. வெளிநாட்டில் அதை ஒருநாளும் செய்யாதீர்கள். நிலக்கடலை ஒவ்வாதவர் ஒரு துண்டு சாப்பிட்டால் மூச்சு அடைத்து உயிரே போகலாம். பிரிட்டனில் பால், கோதுமை, முட்டை, எள், நிலக்கடலை, முந்திரி பாதாம் வகைகள் உட்பட 14 பொருட்களை அறிவித்தே ஆக வேண்டும். கடையிலேயே செய்து பாக்கெட் போடுகிற இனிப்புக்கும் 2021 அக்டோபரிலிருந்து முழு லேபிள் வேண்டும். கடலைமிட்டாய் கிண்டிய சட்டுவத்தைக் கழுவாமல் பால்கோவாவில் விடக் கூடாது. கடலை வறுத்த எண்ணெயில் வேறு எதையும் பொரிக்கக் கூடாது. வாடிக்கையாளர் "இதில் நட்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டுக் கவுன்டரிலிருந்து ஆள் வந்தால், யோசித்துச் சொல்லாதீர்கள். நோட்டைத் திறந்து, எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.